பிரிந்து போயிருக்கலாமே என்பவர்களுக்கு

கேள்வி: இங்கிலாந்தில் கணவரைச் சுத்தியலால் அடித்துக் கொன்ற சாலி சாலனை விடுவித்தது எப்படிச் சரியாகும்? பிடிக்கவில்லை என்றால் பிரிந்து போயிருக்கலாமே?

இந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் பிரிந்துதான் போனார். 15 வயதில் ரிச்சர்டோடு பழக ஆரம்பித்தவர். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து, 2009-ல் வீட்டை விட்டு வெளியேறித் தனி வீட்டில் இருந்தார், விவாகரத்துக்கும் மனுப் போட்டார். சில மாதங்களில் சேர்ந்து வாழலாம் என்று அவரே திரும்பப் போய் நின்றார். சேர்த்துக்கொள்ள ரிச்சர்ட் எழுத்தில் நிபந்தனைகள் போட்டார். சொத்தில் முழுப் பங்கு கேட்கக் கூடாது என்பது ஒன்று. தான் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது இன்னொன்று. அதற்கும் தலையாட்டினார். 2010 ஆகஸ்ட் 14-ம் தேதி சர்ரே மாவட்டம் கிளேகேட்டில் அந்தக் கொலை நடந்தது.

வெளியேறிய பெண் ஏன் திரும்பப் போனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் போய்த் திரும்பி வந்தவள்.

என் முன்னாள் கணவர் (அவர், இவர் என்று எழுதுவது பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்) ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தங்கமான மாப்பிள்ளை. ஆனால் பால், தக்காளி, ஆட்டோ என்று எதற்குக் காசு கொடுத்தாலும் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்ப வேண்டும். பில் தராத கடை என்றால் காய்கறியைத் தராசோடு எடுத்து அனுப்ப வேண்டும். நான் வேலை பார்த்தேன், ஆனால் என் ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நிமிஷம் நின்று பேசிவிட்டால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். நான் அழுது மன்னிப்புக் கேட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு வாய் சாப்பிடுவார்.

ஆறாவது வருஷம் கிளம்பினேன். கூட வேலை பார்த்த தோழி கொடுத்த 500 ரூபாய், ஒரு பை, நான்கு வயது மகள். திண்டுக்கல்லில் அம்மா வீடு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மகளைச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். கையில் கசங்கியிருந்த டிக்கெட்டை மடியில் வைத்து நீவிவிட்டுப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஓடிவந்தவள், எங்கே ஓடிவந்தேன் என்பதற்கு அத்தாட்சி அனுப்புகிறேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. உடனே பதில் வந்தது: "மீதி எவ்வளவு?" நான் பணத்தை எண்ணிப் பார்த்து எழுதி அனுப்பினேன்.

அம்மா கேட்டார், "மாப்பிள்ளை அடிக்கிறாராடி?" இல்லம்மா. "வேற பொம்பளை சகவாசம்?" இல்லம்மா. "அப்புறம் என்னதாண்டி?"

அதற்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பில் அனுப்பச் சொல்கிறார் என்றால் சிரிப்பார்கள். பதினோராம் நாள் நானே பஸ் ஏறிவிட்டேன். அம்மா ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டார். அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் அந்த வார்த்தை தெரியாது. அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்து அண்ணன் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போனான். நான் தப்பித்த கதை அவ்வளவுதான்.

சாலிக்கு 2011-ல் ஆயுள் தண்டனை கொடுத்த நீதிமன்றத்திலும் அந்த வார்த்தை இல்லை. துணையை அடக்கி ஆள்வதே குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை என்று இங்கிலாந்தில் சட்டம் வந்ததே 2015-ல்தான். அப்புறம்தான் வழக்கை மறுபடி பார்க்க வழி பிறந்தது. 2019 பிப்ரவரியில் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். ஜூனில், மனநிலை பாதிப்பின் காரணமாகக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று ஏற்றுக்கொண்டார்கள். தண்டனை 9 வருஷம் 4 மாதம். அதை அவர் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டிருந்தார். "விடுவித்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். கணவன் கொடுமைக்காரன் என்பதற்காக யாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பவில்லை. அடக்கியாளப்பட்டது மட்டுமே கொலைக்குச் சமாதானம் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிபதிகளே தெளிவாகச் சொன்னார்கள்.

கொலையை நியாயப்படுத்துகிறாயா என்று கேட்க வருபவர்களுக்கு: இல்லை. அவர் கைப்பையில் சுத்தியலோடு போனார், இருபது அடிக்குமேல் அடித்தார். அதை நான் மறைக்கவில்லை. செத்தவரும் ஒரு உயிர்தான். அவருடைய இரண்டு மகன்களுக்கு அப்பா போனார். அந்த மகன்களே அம்மாவுக்காக நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்களுக்கும் இது நடக்கிறதே என்பவர்களுக்கு: நடக்கிறது, அந்த 2015 சட்டம் ஆண் பெண் இருவருக்கும் பொதுவானது.

நம் நாட்டில் 2005-லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. மனதை வதைப்பதும், சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் அதில் வன்முறைதான். அம்மாவும் நானும் அந்தச் சமையலறையில் விழித்துக்கொண்டு நின்றபோது அந்தச் சட்டம் இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருந்தும் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரையும் மகள் பெயரையும் நீக்க ஒன்றரை வருஷம் அலைந்தேன். ஆன்லைனில் போட்டால் ஓடிபி குடும்பத் தலைவர் போனுக்குத்தான் போகும், அதாவது அவருக்கு. நேரில் போனால், "அவர்ட்ட கேட்டு வாங்கிட்டு வாங்கம்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். தீர்ப்பு நகலை நீட்டினேன், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே ஐயா கோர்ட்டுக்கே போனேன்!

சரி. உங்கள் கேள்வியில் இருக்கும் எரிச்சலைப் பார்த்தால், உங்கள் வீட்டிலும் ஒரு பெண் போய்ப் போய்த் திரும்பி வருகிறாள் போலிருக்கிறது. தங்கையோ அக்காவோ, யாராக இருந்தாலும், மாப்பிள்ளை அடிக்கிறாரா என்று அவளிடம் கேட்காதீர்கள். உன் பர்ஸில் இப்போது எவ்வளவு இருக்கிறது, உன் பேங்க் ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று கேளுங்கள். பெண்கள் உதவிக்கான 181 என்ற எண்ணையும் சொல்லி வையுங்கள். அவள் போனில் பதிய வேண்டாம், அதை அவர் பார்ப்பார். மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.