கண்ணாடிக்குள் ஒரு கப்பல்

கேள்வி: என் மாமனார் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1971 போரில் மூழ்கிய குக்ரி கப்பலுக்கு டையூவில் நினைவிடம் இருக்கிறதாம், ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். வயது 76. இத்தனை தூரம் அழைத்துப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாயம் அழைத்துப் போங்கள் அம்மா. தள்ளிப்போட வேண்டாம். டையூ குஜராத் கரையை ஒட்டிய சின்னத் தீவு. குஜராத்தின் வேராவல் வரை ரயில், அங்கிருந்து கார். சக்ரதீர்த்தக் கடற்கரையை ஒட்டி, கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன மேடு. அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி. பார்ப்பதற்கு என்று அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை நானே பார்த்தேன்.

நான் போன அன்று உப்புக்காற்றில் கண்ணாடி மங்கிக் கிடந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். மேல்தளத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய கைப்பிடிக் கம்பி கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் நின்றிருப்பார்கள் என்று நினைத்ததும் அங்கிருந்து நகர முடியவில்லை.

1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தானின் ஹேங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோ தாக்கி, சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். டையூ கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல், அதாவது 74 கிலோமீட்டர் தள்ளி, கப்பல் இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது. அந்தக் குடும்பங்கள் வந்து பூ வைக்கக் கரையில் ஓர் இடம் கிடைத்தது 1999 டிசம்பரில்தான். 28 வருடம்! எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். மேடு ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். அப்புறம், அவரை அவசரப்படுத்தாமல் கடலைப் பார்த்து உட்காரவிடுங்கள். இன்னொரு விஷயமும் அவரிடம் சொல்லுங்கள்: அதே பெயரில் 1989-ல் கடற்படையில் சேர்ந்த இரண்டாவது குக்ரி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அடுத்த மாதம், குடியரசு தினத்தன்று, அதையும் டையூவிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

கேள்வி: கப்பல் மூழ்கினால் கேப்டனும் அதோடு போக வேண்டும் என்று விதி இருக்கிறதா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. மற்றவர்களைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பு. கூடவே சாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மேலே சொன்ன குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் நினைத்திருந்தால் தண்ணீரில் குதித்திருக்கலாம். வயது 45தான். தன் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை இறங்கச் சொல்லிவிட்டு, அவர் கப்பலிலேயே இருந்துவிட்டார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அன்று தண்ணீரில் இறங்கியவர்களில் 67 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள்.