எத்தியோப்பியக் கிராமங்களில் படம்பிடிக்கும் செய்தியாளரின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

தெற்கே கென்ய எல்லையை ஒட்டிய போரனா பகுதியில் வறட்சியைப் படம்பிடித்திருக்கிறேன். 2020 கடைசியில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து பருவமழை பொய்த்திருந்த நேரம். யாபெல்லோ ஊரில் தங்கி, அக்கம்பக்கத்து மேய்ச்சல் கிராமங்களுக்குப் போய்வந்தோம். அதில் ஒரு நாளைச் சொல்கிறேன்.

அங்கே விடியலிலிருந்து மணி எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. ஓட்டுநர் "பன்னிரண்டுக்குக் கிளம்பலாம்" என்றால் காலை ஆறு என்று பொருள். இது புரியாமல் முதல் நாள் காலை வெளிச்சம் முழுவதையும் விட்டேன். பத்து மணிக்கு மேல் உச்சி வெயிலில் எடுத்தால் முகத்தில் கண்குழி கறுத்துப்போய்விடும்.

ஊருக்குள் போனதும் கேமரா பையிலேயே இருக்கும். முதலில் கெபெலே அலுவலகத்தில் கடிதத்தைக் காட்ட வேண்டும். நம் ஊராட்சி மாதிரி, அடிமட்ட நிர்வாகம் அதுதான். பிறகு பெரியவர்களோடு உட்கார வேண்டும். இதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது. விருந்தாளி வந்தால் போரனா வீட்டில் காப்பிப் பழத்தின் முனையைப் பல்லால் கடித்துவிட்டு, முழுசாக வெண்ணெயில் பொரித்துக் கொடுப்பது வழக்கம். நாங்கள் போன வீட்டில் வெறும் காப்பிதான் வந்தது. "வெண்ணெய் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த அம்மா. மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டில் வெண்ணெய் இல்லை. வறட்சி எனக்கு உறைத்தது அங்கேதான்.

அடுத்தது கிணறு. 'துலா' என்கிற ஆழ்கிணறுகள். மாடுகள் இறங்க நீளச் சரிவு வெட்டி, அடியில் மண்ணாலான தொட்டி கட்டியிருப்பார்கள். அதற்கும் கீழே கிணற்றுக்குள் ஆண்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றுவார்கள். ஏற்றப்பாட்டு போலத்தான், தாளம் தப்பினால் வாளி தப்பும். பெரும்பாலும் உடம்பில் துணி இருக்காது. அதனால் கேட்காமல் கேமராவை உள்ளே திருப்பவே கூடாது. எந்த மந்தைக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பவரிடம் கேட்டேன். கைகளையும் வாளிகளையும் எடுக்கலாம், பாட்டைப் பதியலாம் என்றார். அது போதுமானதாக இருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இருபது லிட்டர் மஞ்சள் கேனை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறி வருகிறார், ஷாட் ஆடிவிட்டது. "மறுபடி ஒருமுறை நடங்கள்" என்று கேட்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுமையோடு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். ஷாட் போனால் போகட்டும்.

பேட்டி எடுக்கும்போது வருடத்தில் கவனம் வேண்டும். எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. "2013இல் மழை நின்றது" என்றால் அது நம் 2020-21. சில முதியவர்கள் ஆண்டே சொல்லாமல், "இன்ன அப்பா கதா இருந்த காலம்" என்பார்கள். அப்பா கதா என்பவர் போரனா மக்களின் தலைவர். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

அன்று ஒரு பாட்டி ஐந்து நிமிடம் பேசினார். "மாடெல்லாம் செத்துப்போச்சு என்கிறார்" என்று மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ராத்திரி ஓட்டல் அறையில், பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டு, அவரையே பக்கத்தில் உட்காரவைத்து வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். செத்த ஒவ்வொரு மாட்டையும் அந்தப் பாட்டி வரிசையாகச் சொல்லியிருக்கிறார்: என்ன நிறம், எந்தப் பசுவின் கன்று, எத்தனை ஈற்று ஈன்றது என்று. மொழிபெயர்ப்பாளர் நடுவில் இரண்டு முறை நிறுத்திவிட்டு வெளியே போய்வந்தார். அவர் வீட்டிலும் மாடு போயிருந்தது.

செய்தியில் பாட்டிக்குக் கிடைத்தது நாற்பது வினாடி. அதில் அந்த மாடுகளை மட்டுமே வைத்தேன்.