இம்பெல்லர் மாற்றிய பிறகு படகு மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் திரும்ப மாட்டுவது எப்படி?

பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் ஓட்டும் படகின் அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) இம்பெல்லர் (மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப்பின் சக்கரம்), கியர் ஆயில் மாற்றப் பிரித்துவிட்டு, திரும்ப மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் கோயம்புத்தூர் கிணற்று மோட்டார்கள் பலவற்றில் இருப்பதைப் போல இந்த இம்பெல்லர் உலோகம் அல்ல, ரப்பர். இறக்கைகள் மடங்கித்தான் உள்ளே உட்காரும். பம்ப் மூடியை அழுத்தும்போது ஷாஃப்ட்டை அது ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பெரும்பாலும் மேலிருந்து பார்த்தால் வலச்சுற்று. இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சின்ன கீ (உலோகத் துண்டு) விழுந்துவிடாமல் பாருங்கள். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடவே வேண்டாம்.

அடுத்ததுதான் பலருக்கும் சிக்கல். கீழ்ப்பகுதியை ஏற்றும்போது தண்ணீர்க் குழாய், கியர் கம்பி, ஷாஃப்ட் பற்கள் மூன்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். கியர் லீவரும் கீழ்ப்பகுதியும் ஒரே கியரில் இருக்கட்டும். பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் தடவுங்கள், ஷாஃப்ட்டின் உச்சியில் மட்டும் வேண்டாம். கடைசியில் இடைவெளி நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், ஏதாவது உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மேலே இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் மெல்ல வலச்சுற்றாக நகர்த்தினால் பற்கள் பொருந்தித் தானாக ஏறிவிடும்.

கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றுங்கள்; மேல்துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் திருகு, அப்புறம் கீழ்த் திருகு. இரண்டுக்கும் புது வாஷர். புரொப்பெல்லருக்குப் புது காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் வளைகம்பி).

சரி, சோதிக்கும்போது தண்ணீர் நிறைந்த டிரம்மில் கீழ்ப்பகுதியை இறக்கி ஓட்டுங்கள். வறட்டு ஓட்டம் ரப்பரைச் சீக்கிரமே தின்றுவிடும். பக்கவாட்டில் தண்ணீர் சீராகப் பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, தண்ணீர்க் குழாய் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.