கிளினிக் மருந்து "இல்லை" என்றால் யாரிடம் கேட்பது?

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் இருந்து எழுதுகிறேன், ஐயா. அப்பாவுக்கு 64 வயது. இருதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதம் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறார். நான்கு மாதமாக இரண்டு வகைக் குளிசை இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தருகிறார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு அவ்வளவு காசு என்றார்களே, எல்லாம் இராணுவத்துக்குப் போய்விட்டதா? ஏன் மருந்து இல்லை என்று எழுதிக் கேட்கப் போனேன். ஆஸ்பத்திரி ஸ்டொக் விபரம் தேசிய பாதுகாப்பு விஷயம், தர முடியாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இதற்கிடையில், ஜனாதிபதி நிதியத்தில் காசு எடுத்துத் தருகிறேன், முதலில் 15,000 ரூபாய் தாருங்கள் என்கிறார் ஒருவர். என்ன செய்வது?

பதில்: அந்த 15,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம், மகள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜனாதிபதி நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்கு உதவுகிறது. மாதாந்தக் குளிசை வாங்க அங்கே காசு எடுத்துத் தருவேன் என்பவர் பொய் சொல்கிறார். முன்பு விண்ணப்பத்துக்குக் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை வைத்துத்தான் இந்தத் தரகர்கள் பிழைத்தார்கள். 2025 பெப்ரவரியில் இருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. சுகாதாரத் துறையில் 27 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். தாலிக்கொடியை அடகு வைத்து இப்படி ஒருவரிடம் காசு கொடுத்த வாகரைத் தாய் ஒருத்தி என் மேசைக்கு முன்னால் நின்று அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த ஆள் விண்ணப்பத்தைக் கொடுக்கவே இல்லை. அவளுடைய கிளினிக் கொப்பியையும் திருப்பித் தரவில்லை. உங்கள் அப்பாவின் கொப்பி, அடையாள அட்டை, ஈசிஜி, எதையும் அந்த மனிதரிடம் விட்டுவைக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று துண்டை வாங்கிக்கொண்டு "நான் மலிவாக எடுத்துத் தருகிறேன்" என்று ஓடுகிறவர்களும் இதே கூட்டம்தான். விலையும் காலாவதித் திகதியும் இல்லாமல் தாளில் சுற்றிக் கொடுக்கும் குளிசை என்னவென்று கடவுளுக்கும் தெரியாது. துண்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதும்படி டொக்டரிடம் கேளுங்கள். அப்புறம் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசல கிளையிலோ பதிவுள்ள பார்மசியிலோ நீங்களே வாங்குங்கள், பற்றுச்சீட்டோடு. பிராண்ட் பெயருக்குக் கொடுக்கும் காசு நிறையக் குறையும்.

சரி, பட்ஜெட். 2025 பெப்ரவரி 17இல் வாசித்த உரையில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபாய், அதில் மருந்துக்கு 185 பில்லியன். பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன். யுத்தம் 2009இல் முடிந்த நாட்டுக்கு அது பெரிய தொகைதான், குறைக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். ஆனால் உங்கள் அப்பாவின் குளிசையை இராணுவம் கொண்டுபோகவில்லை. பாராளுமன்றம் ஒதுக்குவது செலவழிக்க ஓர் அனுமதி, அவ்வளவுதான். திறைசேரி கட்டுநிதியை, அதாவது செலவுக்கான காசை, விட வேண்டும், கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட வேண்டும், பதிவுள்ள விநியோகத்தர் வர வேண்டும், கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவில் இருந்து லொறி இங்கே வர வேண்டும். இதில் ஓர் இடத்தில் ஒரு கடதாசி படுத்துக்கொண்டாலும் உங்கள் கவுண்டரில் "இல்லை". மாதக்கணக்கில் கடதாசி படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் அவசரமில்லை. தட்டுப்பாடு முற்றியதும் "அவசரக் கொள்வனவு" என்று கதவைத் திறப்பார்கள். அந்த வழியாக என்ன உள்ளே வரும் என்பதை 2023 போலி இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரத்தில் பார்த்தோம். முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார்.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஆஸ்பத்திரித் தலைவருக்கு உள்ளூர்க் கொள்வனவு செய்யும் அதிகாரம் உண்டு. மருந்தாளரிடம் தகராறு பண்ணாமல், பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன மருந்து இத்தனை மாதமாக இல்லை, உள்ளூரில் வாங்கித் தாருங்கள் அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்துத் தாருங்கள் என்று. அதுவரை குளிசையை நிறுத்தவோ பாதியாக உடைத்துக் கொடுக்கவோ வேண்டாம். மாற்றுக் குளிசை இருக்கிறதா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

இப்போது அந்த "தேசிய பாதுகாப்பு". இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. தகவல் வெளியே போனால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வரும் என்றால் மறுக்கலாம். முகாமில் எத்தனை பேர், ஆயுதம் எங்கே என்பதெல்லாம் அதில் அடங்கும். சீனிக் குளிசை எத்தனை பெட்டி வந்தது, எப்போது முடிந்தது, எப்போது ஓர்டர் போட்டார்கள் என்பது வெளியே வந்தால் எந்த எதிரி எந்த எல்லையைத் தாண்டுவான்? "பாதுகாப்பு" என்று வாயால் சொன்னால் போதாது. எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். விலக்குக்குள் வரும் தகவலைக்கூட, வெளியிடுவதில் பொது நன்மை அதிகம் என்றால் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவே சொல்கிறது. கிழக்கில் நாங்கள் "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் வாயை மூடிப் பழகியவர்கள். அது தெரிந்துதான் அந்தச் சொல்லைப் பாவிக்கிறார்கள்.

ஆகவே ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்பவருடைய உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலம்தான். அப்பாவுக்கு இருதய வருத்தம், ஆகவே அப்பாவின் பெயரிலேயே கேளுங்கள், அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் ஆணைக்குழு.

மருந்தின் பெயர், மில்லிகிராம், "இல்லை" என்ற ஒவ்வொரு திகதி, மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். துண்டுகளைப் போட்டோக்கொப்பி எடுத்து இணையுங்கள், மூலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கேட்கும் கடிதம் பெற்றதற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டியது தகவல் அலுவலரின் கடமை. திகதி முத்திரை குத்தி அதைத் தரும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.