முதலாண்டு அடிப்படை மின்னியல் வகுப்பில் மாணவர்கள் ஈடுபாடே காட்டுவதில்லை. பாடத்தை எப்படி மாற்றி அமைக்கலாம்?

சிலபஸைத் தொடவே வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். இப்போது சூத்திரத்தைப் போர்டில் எழுதி, கணக்குப் போட்டு, சில வாரம் கழித்து லேபில் 'சரிபார்க்க' விடுகிறோம். விடை தெரிந்த சோதனையை யார் ஆர்வமாகச் செய்வார்கள்? சீனியரின் ரெக்கார்டிலிருந்து ரீடிங் வந்துவிடும். முதலில் கணிப்பு, அடுத்து அளவீடு, கடைசியில்தான் சூத்திரம்.

மூன்று பேருக்கு ஒரு பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் சுற்று கட்டும் துளைப் பலகை), 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 மெகா ஓம் இரண்டு, டிடி-830 வகை மலிவான மல்டிமீட்டர் கொடுங்கள். கிலோ ஓம் இரண்டையும் தொடரிணைப்பில் போட்டால் ஒன்றின் குறுக்கே எத்தனை வோல்ட்? ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும். 4.5 என்பார்கள், மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டும். அடுத்து மெகா ஓம். மறுபடியும் 4.5 என்றே எழுதுவார்கள். மீட்டர் 3-ஐ ஒட்டி நிற்கும். இன்னொன்றின் குறுக்கே வைத்தாலும் 3. பேட்டரி 9, கூட்டினால் 6. மீதி எங்கே?

இங்கே உடனே விளக்கிவிடாதீர்கள், பத்து நிமிடம் அவர்களே சண்டை போடட்டும். அந்த மீட்டரின் உள்தடை சுமார் 1 மெகா ஓம். எந்த ரெசிஸ்டரில் வைத்தாலும் அதனோடு பக்க இணைப்பாகி (பேரலல்) அந்த இடத்தின் தடை 0.5 மெகா ஓமாகக் குறைகிறது: 9 × 0.5 ÷ 1.5 = 3. இதை அவர்கள் வாயிலிருந்தே வரவழைத்தால் பக்க இணைப்பும் மின்னழுத்தப் பகிர்வும் ஒரே மூச்சில் புரிந்துவிடும். 10 மெகா ஓம் உள்தடை கொண்ட விலையுயர்ந்த மீட்டர் 4.3 காட்டும், யாருக்கும் சந்தேகமே வராது. இந்தச் சோதனைக்கு மலிவான மீட்டர்தான் சரி.

தியரி வகுப்புக்கு, ஹார்வர்டில் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் இயற்பியல் பாடத்தில் தொடங்கிய முறை பொருந்தும். கணக்கு தேவைப்படாத ஒரு கேள்வி, தனித்தனியாக விடை, கை தூக்கல். 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விட்டு மறுபடி கேளுங்கள். அதற்குக் கீழே போனால் திரும்ப நடத்த வேண்டும், மேலே போனால் நகர்ந்துவிடலாம்.

மதிப்பெண்ணைக் கணிப்பு சரியா என்பதற்குக் கொடுத்தால் எல்லாம் பாழ், பயத்தில் காப்பி அடிப்பார்கள். கணிப்புக்கு எழுதிய காரணத்துக்குக் கொடுங்கள். ஒருவரே மீட்டரைப் பிடித்துக்கொண்டு மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பதும் நடக்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் கை மாற வேண்டும்.

லேபில் உபரி ஃபியூஸ் இருக்கட்டும், மீட்டரை மின்னோட்ட அளவில் வைத்தபடியே பேட்டரியைத் தொடுவார்கள். நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் பேட்டரியை இணைக்கும் பவர் வரிசை நடுவில் துண்டாகி இருக்கும், முன்கூட்டியே ஒயர் போட்டு இணைத்துவிடுங்கள்.