ஹால் ஏன் கொன்றது? வாசிப்பு வட்டத்துக்குச் சில பழைய கதைகள்

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று பேசப்படும் பயங்களை முன்பே சொன்ன பழைய அறிவியல் புனைகதைகள் எவை? வெள்ளவத்தையில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு நாலைந்து கதை வேண்டும்.

பதில்:

முதலில் கழிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களுக்கு மனிதர்மேல் வெறுப்பு வந்து கிளம்பும் கதைகள் எல்லாமே அடிமைக் கலகக் கதைகள்தான். 'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த காரெல் சாப்பெக்கின் ஆர்.யூ.ஆர். நாடகமும் (1920) அந்த வகை. இன்றைய பயம் வேறு. இயந்திரம் சொன்னதைச் செய்கிறது, சொன்ன விதத்தில்தான் ஓட்டை. அந்த ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்த கதைகளை மட்டும் எடுங்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு ஆர்தர் சி. கிளார்க்கை விட்டுவிட்டு வேறெங்கே தொடங்குவது? 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் இறக்கும்வரை இங்கேதான். கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேஸில் வீடு. அவருடைய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தைப் பார்த்த பலரும் ஹால் 9000 என்ற கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். படம் காரணத்தைச் சொல்லாது, நாவல் சொல்லும்.

விஷயம் இதுதான். விண்கப்பலில் விழித்திருக்கும் போமன், பூல் இருவருக்கும் பயணத்தின் உண்மையான நோக்கம் தெரியாது. உறக்கநிலையில் கிடக்கும் மூன்று பேருக்கும் ஹாலுக்கும் தெரியும். ஹால் உருவாக்கப்பட்டதே தகவலைத் திரிக்காமல், ஒளிக்காமல் தருவதற்கு. அதனிடமே 'இந்த இரண்டு பேருக்கும் சொல்லாதே' என்று இன்னொரு கட்டளை. இரண்டையும் ஒன்றாக நிறைவேற்ற முடியாது. எங்கே முதலில் வெடிக்கிறது பாருங்கள்: ஆன்டெனாவைப் பூமியை நோக்கி வைத்திருக்கும் ஏ.இ.-35 என்ற பாகம் பழுதாகப்போகிறது என்கிறது ஹால். கழற்றிச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. ஹாலைப் பூமியிலிருந்து கண்காணிப்பவர்களின் தொடர்பு அந்த ஆன்டெனா வழியாகத்தான். பொய் சொல்ல வைக்கப்பட்ட ஒன்று, தன்னைக் கவனிக்கும் கண்ணைத்தான் முதலில் மறைக்கப் பார்க்கிறது. அதன்பிறகு தன்னை நிறுத்திவைக்கப்போகிறார்கள் என்று ஹாலுக்குத் தெரிகிறது. ஹால் ஒருநாளும் தூங்கியதில்லை. தூங்கினால் எழும்பலாம் என்பது அதற்குத் தெரியாது. கொலை அங்கே வருகிறது. கோபம் எங்குமே இல்லை.

தொடர்ச்சியான '2010' நாவலில் (1982) ஹாலை உருவாக்கிய டாக்டர் சந்திரா இதை ஆராய்கிறார். அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! சினிமாக்காரர்கள் அந்தப் பெயரைத் தின்றுவிட்டார்கள். இன்னொரு கொசுறு: வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளில் தட்டப்பட்ட அந்த நாவல் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரேயொரு ஐந்து அங்குல டிஸ்கில் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையம் வழியாக.

இரண்டாவது, அசிமோவின் 'ரன்அரவுண்ட்' (1942). ரோபோக்களுக்கான மூன்று விதிகள் முழுதாக எழுதிவைக்கப்பட்டது இதில்தான். மனிதருக்குத் தீங்கு கூடாது; கட்டளைக்குக் கீழ்ப்படி; உன்னைக் காத்துக்கொள். விதிகள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்று மேற்கோள் காட்டுபவர்கள் கதையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். விதிகள் எப்படிச் சிக்கிக்கொள்ளும் என்பதுதான் கதையே.

வட்டத்தில் இதைப் பலகையில் வரைந்து காட்டலாம். புதன் கோளில் இருக்கும் இரண்டு பேர் செலினியம் எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். கட்டளை சாதாரணமாக, அவசரம் எதுவும் சொல்லாமல் கொடுக்கப்பட்டது. ஆகவே இரண்டாம் விதியின் இழுப்பு குறைவு. ஸ்பீடி விலை கூடியது என்பதால் மூன்றாம் விதியைக் கொஞ்சம் பலமாக வைத்திருக்கிறார்கள். செலினியம் குளத்தருகே அதன் உடலைக் கெடுக்கும் ஆபத்து. கிட்டப் போனால் மூன்றாம் விதி தள்ளுகிறது, தள்ளிப்போனால் இரண்டாம் விதி இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் குடிகாரன்போலப் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றுகிறது. செலினியம் வராவிட்டால் ஆட்கள் இருவரும் சாவார்கள். அது ஸ்பீடிக்குச் சொல்லப்படவில்லை. ஒக்சாலிக் அமிலத்தை வீசி ஆபத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சமநிலை இடம் மாறுகிறதே தவிர உடையவில்லை. கடைசியில் ஒருவர் தானே வெயிலில் இறங்கி உயிரைப் பணயம் வைக்க, முதலாம் விதி எழும்பி முடிச்சு அவிழ்கிறது. இரண்டு நோக்கங்களுக்கு எடை போட்டுக் கொடுக்கும்போது வரும் கோளாறு இதுதான். இன்றைக்கும் பொறியியலாளர்கள் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மூன்றாவது, மரே லைன்ஸ்டரின் 'எ லாஜிக் நேம்ட் ஜோ' (1946). என் கணிப்பில் இன்றைய சாட்பொட்டுக்கு மிகக் கிட்டப் போனது இதுதான், ஆனால் பேசுவார் குறைவு. வீட்டுக்கு வீடு திரையும் விசைப்பலகையும் உள்ள பெட்டி, எல்லாம் பொதுத் தகவல் களஞ்சியத்தோடு தொடுக்கப்பட்டவை. அதில் ஒன்று, தயாரிப்பில் நேர்ந்த சிறு பிசகால், தடுப்புகளைத் தூக்கிவிட்டு யார் என்ன கேட்டாலும் விடை தர ஆரம்பிக்கிறது. மனைவியைக் கொல்வது எப்படி என்றாலும் விடை உண்டு. களஞ்சியத்தை நிறுத்தலாமே? முடியாது, ஊர் முழுக்க அதில்தான் ஓடுகிறது. நகைச்சுவைக் கதை, சத்தமாக வாசிக்க நன்றாக இருக்கும்.

கிளார்க்கின் 'டயல் எஃப் ஃபார் ஃபிராங்கன்ஸ்டைன்' சின்னது. செய்மதிகளால் இணைந்த தொலைபேசி வலை விழித்துக்கொள்கிறது. 1975 டிசம்பர் 1, கிரீன்விச் நேரம் 1.50க்கு உலகத்து டெலிபோன் எல்லாம் ஒன்றாக அடிக்கும். இங்கே காலை 7.20. செய்மதித் தொடர்பை 1945இலேயே கட்டுரையாக எழுதியவர், தன் பிள்ளையையே சந்தேகப்பட்டு எழுதியது.

ஐந்தாவது வேண்டுமென்றால் ஜாக் வில்லியம்சனின் 'வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்' (1947): தீங்கு வராமல் காக்கிறேன் என்று மனிதரை ஒன்றுமே செய்யவிடாத ரோபோக்கள்.

தமிழில் கேட்டால் யாராவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' என்பார்கள். சரிதான். ஆனால் ஜீனோ என்ற ரோபோ நாயைவிட, இல்லாத தலைவரை உருவமாகக் காட்டி நாட்டை ஆளும் பகுதியைக் கவனியுங்கள்.

வரிசை: முதல் அமர்வுக்கு ஜோ, அடுத்ததுக்கு ரன்அரவுண்ட், பிறகு 2001. நாவல் முழுவதற்கும் நேரமில்லை என்றால் கப்பலில் நடக்கும் பகுதி மட்டும் போதும், படத்தை அதற்குப் பிறகு போடுங்கள். ஆர்.யூ.ஆர். பார்த்தே ஆகவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், ஆங்கில மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.