கல்லைப் பார்க்க டிக்கெட்டா?

கேள்வி: மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். கார்த்திகையில் கியோட்டோவுக்குக் கூட்டிப்போய் ரியோஆன்ஜி கோயில் தோட்டத்தைக் காட்டுகிறாளாம். போட்டோவில் பார்த்தால் சரளையும் கல்லும்தான், ஒரு பூகூட இல்லை. வருஷா வருஷம் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்கிற எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? டீ விருந்துக்கும் போகிறோமாம்.
(ஒரு வாசகி, கோத்தகிரி)

பதில்: பூவைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான், அம்மா. ஊட்டியில் நடந்துகொண்டே பார்க்கிறோம். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். எதிரே வெள்ளைச் சரளை, அதில் கோலம் இழுத்த மாதிரி நீளநீளமாகக் கோடுகள், நடுநடுவே 15 கல். எண்ணிப் பாருங்கள், 14தான் வரும். சரி என்று நகர்ந்து உட்கார்ந்தால் விட்டுப்போன கல் தெரியும், முன்பு தெரிந்த ஒன்று ஒளிந்துகொள்ளும். நவம்பர் முடியும் வரை காலை 8 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், டிசம்பரில் எட்டரைக்கு. இலை சிவக்கிற பருவத்தில் கூட்டம் தாங்காது, அதனால் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

பின்பக்கம் காசு வடிவத்தில் ஒரு கல்தொட்டி உண்டு. நடுவில் சதுரக் குழி, சுற்றிலும் நான்கு எழுத்துகள். குழியையும் சேர்த்துப் படித்தால்தான் ஒவ்வொன்றும் முழு எழுத்தாகும். 'இருப்பதே போதும் என்று அறிவேன்' என்கிற மாதிரிப் பொருள்.

வேறொரு தோட்டத்தில் நான் அசடு வழிந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாதை நடுவே, பொட்டலம் கட்டின மாதிரி கறுப்புக் கயிறு சுற்றிய உருண்டைக் கல் ஒன்று கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தாண்டிப் போனேன், பின்னாலேயே ஒருவர் ஓடிவந்து குனிந்து குனிந்து வணங்கித் திருப்பி அனுப்பினார். 'இதற்கு மேல் வராதீர்கள்' என்பதற்கு அங்கே அதுதான் போர்டு.

அப்புறம் டீ. பழைய முறையில் கட்டிய தேநீர் அறை என்றால் வாசல் இரண்டடி உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தாவரவியல் பூங்காவுக்கு மேலே மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அந்தக் காலத்தில் சாமுராய்கூட வாளை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். முட்டிவலி இருந்தால் நாற்காலி போட்ட இடமாகப் பார்க்கும்படி மகளிடம் சொல்லிவிடுங்கள்.

செடி என்னவோ உங்கள் ஊர்த் தேயிலைதான். பறிப்பதற்குச் சில வாரம் முன்பே வெயில் படாமல் மூடி வைத்து, இலையை மாவாக அரைத்து, வெந்நீரில் மூங்கில் மத்தால் நுரைக்க அடிக்கிறார்கள். டஸ்ட் டீயில் பாலும் ஏலக்காயும் போட்டுப் பழகிய நாக்குக்கு முதல் மடக்கு கசக்கும். சர்க்கரை கேட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் முதலிலேயே ஒரு இனிப்பு தருகிறார்கள்.